எட்டு மணி ஜெபம்

டிசம்பர் 1, ஞாயிறு

நாகர்கோவிலில் பெண்கள் விடுதி ஒன்றுக்குப் பன்னிரண்டு வருஷம் வார்டனாக இருந்தேன். தினமும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். யார் ஊருக்குப் போனாள், யாருக்குக் காய்ச்சல், சாம்பாரைப் பற்றி யார் முகம் சுளித்தாள், எல்லாம் வரும். ஆகஸ்டில் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்ததோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆகவே கிறிஸ்துமஸ் மாதம் பிறந்த நாளில் மறுபடி தொடங்குகிறேன்.

இந்த விடுதியில் ஆட்கள் குறைவு. அத்தான், பெயர் ஆசீர். மின்வாரியத்தில் வேலை. வீட்டில் வார்த்தைகளை மீட்டர் வைத்துத்தான் செலவழிப்பார். ரூபன், ஆறு வயது. வந்த முதல் வாரமே என்னை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தானின் முதல் மனைவி லில்லி அக்கா கர்த்தருக்குள் போய்விட்டார்கள். அவர்கள் முகம் அவனுக்குப் படத்தில் பார்த்ததுதான்.

பிறகு எப்சிபா. பதின்மூன்று வயது. மரியாதையான பிள்ளை, "நீங்க" என்றுதான் பேசுவாள். ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "சட்னி இருக்கா?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்பாள். சமையலறை சார்பில் நான் பதில் சொல்வேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்யாண ஆராதனையில் சபைக் குருவான ஐயர் பிரசங்கம் செய்யும்போது, எப்சிபா, பியூலா என்ற எங்கள் இரண்டு பேருடைய பெயரும் வேதத்தில் ஒரே வசனத்தில் வருகிறது, இது தேவ சித்தம் என்று சொன்னார். சபையே சிரித்தது. அவள் ஒருத்திதான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வாசலில் நட்சத்திரம் கட்டினோம். அத்தான் ஏணியில், ரூபன் கீழே நின்று மேஸ்திரி வேலை. எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். இந்த வீட்டில் அது தவறவே தவறாது. கூடத்தில் பாய் விரித்து, ஒரு அதிகாரம் வாசித்து, சின்னவனில் தொடங்கி ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எப்சி இன்று அப்பாவுக்காக, தம்பிக்காக, சாத்தான்குளத்து அத்தைக்காக, கூடப் படிக்கும் மூன்று பெண்களுக்காக, பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணனின் முதுகுவலிக்காக ஜெபித்தாள். கடைசியில் "இந்த வீட்டில் உள்ள எல்லாரையும் ஆசீர்வதியும்." அதில் நானும் அடக்கம்.

டிசம்பர் 4, புதன்

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஜெபத்துக்கு முன் யாரும் பாடுவதில்லையே என்று நானே ஒரு கீர்த்தனையைத் தொடங்கினேன். எங்கள் நாகர்கோவில் ராகத்தில் தொடங்கினேன். இங்கே அதே பாட்டுக்கு வேறு ராகமாம். அத்தான் அவர் ராகத்தில் சேர, நான் என் ராகத்தில் இழுக்க, பாட்டு நடுரோட்டில் இரண்டு மாடு மாதிரி நின்றது. ரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். எப்சியும் சிரித்துவிடுவாள் போலிருந்தது. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் லில்லி அக்காதான் பாட்டைத் தொடங்குவார்களாம். அவர்கள் போனபின் யாரும் பாடவில்லையாம். முதலிலேயே சொல்ல வேண்டாமா இந்த மனுஷர்?

எப்சி ஜெபித்தது: மேற்படி ஆட்கள், புதிதாகக் கணக்கு டீச்சர்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து, அத்தான் கமிட்டிக் கூட்டத்தில் இருந்த நேரத்தில், நான் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல்யாணமான புதிதில் எல்லோருமாக வந்தபோது கூச்சத்தில் நான் தள்ளியே நின்றுவிட்டேன். இன்று பக்கத்தில் போய் நின்றேன்.

அக்காவோடு கொஞ்ச நேரம் பேசினேன். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், உங்கள் பாத்திரங்களெல்லாம் நல்ல கனம், உங்கள் அடுப்பில்தான் சமைக்கிறேன் என்று சொன்னேன். நாற்பதை நெருங்கும்போது எனக்கு ஒரு வீடு கிடைத்தது அவர்கள் விட்டுப் போனதால்தானே. நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன்.

ஆனால் கல்லறையைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிமெண்ட் மேடை, சிலுவை எல்லாம் சரி. வெள்ளைச் சுண்ணாம்பில் கறுப்புப் பெயிண்டால் பெயர் எழுதியிருக்கிறது பாருங்கள், கோழி கிளறினது போல! முதல் எழுத்து பூசணிக்காய் அளவு, போகப்போகச் சிறுத்து, "ஆசீர்" வரும்போது இடமில்லாமல் கீழே சரிந்துகொண்டு போகிறது. எந்தக் கொத்தனார் செய்த வேலையோ. அப்படிப்பட்ட மனுஷிக்கு இப்படி ஒரு எழுத்தா?

டிசம்பர் 10, செவ்வாய்

அத்தானிடம் கேட்டேன். "கிறிஸ்துமஸுக்கு முன்னால அக்கா கல்லறைக்கு வெள்ளை அடிக்க வேண்டாமா?"

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "இருபத்து நாலாந்தேதி நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார்.

நாங்க. நாம இல்லை. அவர் அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். நானும் அதை நினைக்கவில்லை. பாத்திரம் கழுவினேன். அரிசி களைந்தேன். நாங்க.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்றிலிருந்து கொட்டித் தீர்க்கிறது. பள்ளிக்கூடம் விடுமுறை. தாமிரபரணியில் தண்ணீர் கரை புரண்டு போகிறதென்று அத்தான் ஆபீசிலிருந்து போன் செய்தார். அவருக்கு வேலை; எங்களுக்குக் கரண்ட் இல்லை.

இருட்டில் சும்மா இருப்பானேன் என்று அச்சு முறுக்குக்கு மாவு கரைத்தேன். எப்சி வந்து கதவருகே நின்றாள். அச்சை எண்ணெயில் சூடாக்கி மாவில் தோய்த்துக் காட்டினேன். முதல் ஆறேழு முறுக்கு அச்சை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தன. ஏழாவதோ எட்டாவதோ பூப்போலக் கழன்று விழுந்ததும், "ஐய்!" என்று கையைத் தட்டினாள்.

"ஹாஸ்டல்ல பிள்ளைகள அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஒருத்தியையும் அடிச்சதில்ல மக்கா. பாத்தாலே போதும்."

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அச்சை எடுத்தாள். இதற்குச் சிரிக்க வேண்டுமா என்று யோசித்து, சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மழையே, நீ நன்றாக இரு.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபம். வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்காக, வெளியே நனைகிற நாய்களுக்காக, ராத்திரி கரண்ட் போஸ்ட் மரம் ஏறும் அப்பாவின் ஆட்களுக்காக, எதிர்வீட்டு சண்முகத்தாய் அக்காவின் பூனை நல்லபடியாகக் குட்டி போடுவதற்காக ஜெபித்தாள். இந்த வீட்டில் உள்ள எல்லாரையும்.

டிசம்பர் 14, சனி

பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஸ்தோத்திரம். ஜெபத்தில் தனியாக இடம் பிடித்த அந்தப் பூனைமேல் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது.

டிசம்பர் 17, செவ்வாய்

கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவர் மார்க்கெட் பக்கம் இருக்கிறார். பெயர் துரைப்பாண்டி. எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்தது போல இருக்கும். அவரிடம் பேசிவிட்டேன். கல்லறை என்றதும், "அதுக்கென்ன, அவங்களும் ஒரு வீட்டுக்காரங்கதான்" என்றார். அத்தானிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும்.

அவர்கள் "நாங்க" என்று போய் நிற்கும்போது, என் கையும் அங்கே கொஞ்சம் இருக்கும்.

டிசம்பர் 19, வியாழன்

வேலை முடிந்தது! பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, இரண்டு கை வெள்ளை அடித்து, சிலுவை போட்டு, நட்ட நடுவில் பெயர். எழுத்து கோடு போட்டாற்போல நிற்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு லில்லிப் பூவும் வரைந்து தந்தார், அது அவருடைய சொந்த யோசனை. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை. அக்கா, இப்போதுதான் உங்களுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது.

எப்சியின் துணி அலமாரியையும் இன்று ஒழுங்காக அடுக்கி வைத்தேன். அந்த அலமாரிக்குள் ஒரு காடே இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

பாடகர் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. கூடத்தில் முப்பது பேர், வாசலில் மீதி. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வந்தவர் ரூபனைத் தூக்கினதும், "நீங்க எபனேசர் மாமாதான, உங்க வாட்ச் தெரியுது" என்று மானத்தை வாங்கிவிட்டான். எல்லோருக்கும் சுக்குக் காப்பியும் அச்சு முறுக்கும். "முறுக்கு யார் போட்டது?" என்று ஒரு அம்மா கேட்க, எப்சி "நாங்க போட்டோம்" என்றாள்.

நாங்க போட்டோம். இதை எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தேன். என் கையாலேயே உடைத்தேன்.

நாலு மணிக்கு அத்தான் சுண்ணாம்பு வாளியை எடுத்தார். எப்சி ஒரு சின்னத் தூரிகையையும் கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். எனக்கோ வாயெல்லாம் பல். நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினேன்.

கல்லறை அருகில் போனதும் அத்தான் நின்றுவிட்டார். வாளியைக் கீழே வைத்தார். எப்சி பெயரைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், அப்புறம் சுற்றிச்சுற்றி வேறு கல்லறைக்கு வந்துவிட்டோமா என்று பார்த்தாள்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் ஆள் வச்சு எழுத வச்சேன் மக்கா. நல்லாருக்குல்லா?"

"பழசு எங்க?"

"அத சுரண்டியாச்சு. அது ஒரே கோணல்..."

"அது நான் எழுதினது!" என்று அவள் கத்தினதில் அடுத்த வரிசையில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்கு எல்லாமே அழகா இருக்கணும்! எல்லாத்தையும் அடுக்கணும்! இது எங்க அம்மா. உங்க ஹாஸ்டல் இல்ல!"

தூரிகையை வீசிவிட்டுக் காம்பவுண்டு வாசலுக்கு ஓடினாள். ரூபன் பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

அத்தான் இன்றைக்குத்தான் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினார். "அவ போனபிறகு முதல் கிறிஸ்துமஸுக்குப் பெயிண்டர் வாரேன்னுட்டு வரல. நான் அழுதுட்டு உக்காந்திருந்தேன். எட்டு வயசுப் பிள்ள, தூரிகைய வாங்கி அவளே எழுதிட்டா. வருஷா வருஷம் அதே எழுத்து மேலதான் கறுப்பு தடவுவா, சுண்ணாம்பு அதுல படாம நான் சுத்தி அடிப்பேன்." கொஞ்சம் நின்று, "உங்கிட்ட நான் சொல்லிருக்கணும் பியூலா" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லாவிட்டால் எனக்கு என்ன கனவா வரும்? வழி முழுக்க மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுதபோது கோபம் அவர்மேல் இல்லை என்று தெரிந்தது. ஒரு தாய் இல்லாத பிள்ளையின் கையெழுத்தை நான் காசு கொடுத்து அழித்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு எப்சி பாயில் வந்து உட்கார்ந்தாள். அவள் முறை வந்தபோது, "நான் இன்னைக்கு ஜெபம் பண்ணல" என்றாள்.

டிசம்பர் 25, புதன்

விடியற்காலை ஆராதனை. புதுத்துணி. எப்சிக்கு நான் எடுத்த நீலச் சுடிதாரைப் போடுவாளோ மாட்டாளோ என்று இருந்தது. போட்டாள். சபையில் என் பக்கத்தில் ரூபன், அவன் பக்கத்தில் அவள்.

மத்தியானம் பிரியாணி. தட்டுத் தட்டாகப் பலகாரம் வைத்துத் துணி மூடி, தெரு முழுக்க அனுப்பினோம். கொண்டுபோய்க் கொடுத்தவள் எப்சிதான். வெறுந்தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று சண்முகத்தாய் அக்கா தட்டில் ஒரு பூனைக்குட்டியை வைத்து அனுப்பிவிட்டார்கள்! "பாயாசம் வைக்கலாம்னு பாத்தேன், பிள்ள குட்டியவே பாத்துட்டு நின்னா, அதான்" என்று வாசலில் நின்று சொன்னார்கள். அத்தான் தலையில் கை வைத்தார். நான் பால் காய்ச்சினேன்; இப்போதுதான் கண் திறந்த குட்டி, பஞ்சில் நனைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

ஜெபத்தில் எப்சி: "இயேசப்பா, பிறந்தநாள் வாழ்த்துகள். குட்டிக்காக ஸ்தோத்திரம். ஆமென்." இதுவரை அவள் செய்ததிலேயே சின்ன ஜெபம். ஆனாலும் கிறிஸ்துமஸ் நாள் நல்லபடி கடந்தது. சாப்பாடு இருந்தது, எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.

டிசம்பர் 26, வியாழன்

எப்சி குட்டிக்குப் பஞ்சில் பால் ஊட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். பேச்சை ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "தப்பு பண்ணிட்டேன் மக்கா" என்பது மட்டும் வந்தது.

அவள் பஞ்சைப் பாலில் மறுபடி நனைத்தாள்.

"அத அழிச்சிரலாம். நீ பழையபடி எழுது. நான் பக்கத்துலயே வரல."

"எழுத முடியாது."

"ஏன்?"

"இப்ப எனக்கு அப்படி எழுத வராது" என்றாள். "என் கையெழுத்து நல்லாயிட்டு."

பால் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். குட்டி பாலைக் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 28, சனி

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது எப்சி சமையலறைக்கு வந்தாள். "சாயங்காலம் கல்லறைக்குப் போறோம். நீங்களும் வாங்க" என்றாள். சமையலறையைப் பார்த்துச் சொல்லவில்லை. இட்லி கொஞ்சம் வேகாமல் போயிற்று. எல்லோரும் அப்படியே சாப்பிட்டுவிட்டார்கள்.

அத்தான் வெள்ளை அடித்தார். துரைப்பாண்டியின் அழகான எழுத்தெல்லாம் மறைந்தது. ஓரத்துப் பூவின்மேல் அவர் சுண்ணாம்பு மட்டையைக் கொண்டுபோனபோது, "அது இருக்கட்டும்ப்பா" என்றாள் எப்சி. சுண்ணாம்பு காயும்வரை காத்திருந்தோம். பிறகு அவள் தூரிகையைக் கறுப்பில் தோய்த்துக் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

திடீரென்று திரும்பி, "ஏல ரூபா, இங்க வா. நீ எழுது" என்று தூரிகையை அவனிடம் கொடுத்தாள்.

அவன் மிரண்டு போனான். ஒன்றாம் வகுப்பு. இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறான். தூரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, அம்மா பேரு எப்படி எழுதணும்?"

எப்சியும் என்னைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார்.

"அக்காட்ட கேளு மக்களே" என்றேன். "அவளுக்குத்தான் தெரியும்."

எப்சி அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். கையைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். முதல் எழுத்து யானை மாதிரி. அடுத்தது அதன்மேல் சாய்ந்தது. "ஆசீர்" பாதியிலேயே இடம் தீர்ந்துவிட, மீதியைக் கீழே எழுதினான். பெயிண்ட் வழிந்து என் சேலையெல்லாம் கறுப்பு. "சரியா இருக்கா?" என்று கேட்டான். "ரொம்பச் சரியா இருக்குல" என்று எப்சி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தான் திரும்பி நின்றுகொண்டார்.

வந்து குளித்து, கஞ்சியும் துவையலும் சாப்பிட்டு, எட்டு மணிக்குப் பாய் விரித்தோம். ரூபன் சைக்கிளுக்காக ஜெபித்தான். அடுத்து எப்சி.

"அன்புள்ள பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். அப்பாவை ஆசீர்வதியும். தம்பியை ஆசீர்வதியும், அவன் நல்லா எழுதினான். அத்தையை..." வரிசை வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. வேன் அண்ணன் வந்தார், பூனைக்குட்டி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாரையும்" வருவதற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஜெபம் நின்றது.

"அப்புறம் ஆண்டவரே, சித்தி" என்றாள். வேதாகமத் தமிழெல்லாம் அந்த இடத்தோடு போயிற்று. "சித்திட்ட நீங்களே ஒரு காரியம் சொல்லணும். எது செஞ்சாலும் முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு சொல்லும். அவங்களால எதையும் ஒழுங்கு பண்ணாம இருக்க முடியல. என் அலமாரிய அடுக்கி வச்சதுலருந்து ஒரு துணியும் தேடினா எனக்கு ஆப்பிடல. அந்தப் பழக்கத்த அவங்ககிட்டருந்து எடுத்துப்போடும். அன்னைக்கு நான் எல்லார் முன்னாடியும் கத்தினதையும் மன்னியும்..."

விடுதியில் எத்தனையோ பெண்கள் என்மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு மேலிடத்துக்கு ஒருத்தியும் போனதில்லை. கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. பொறுக்க முடியாமல், வீடு அதிர, "ஆமென்!" என்றேன்.

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். எப்சி என்னை முறைத்துப் பார்த்தாள்.

"இன்னும் முடிக்கல, சித்தி" என்றாள்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். இன்னும் நிறையக் குறை இருந்தது. ஒன்று விடாமல் கேட்டேன்.